பதினான்காம் கட்டம்

ஜூலை 6

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மகளும் காய்ச்சல், சளி ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி உட்கார வைக்கும்போது முட்டியை மடக்கித் தூக்கு என்று சொன்னேனே, கேட்கிறாயா, இல்லை வழக்கம்போலக் காற்றில் விட்டுவிட்டாயா?

போன ஞாயிறு போனில் "என்னக்கா, என்கிட்ட ரெண்டு வார்த்தைகூடப் பேச மாட்டேங்கிறே" என்று குறைப்பட்டுக்கொண்டாய். ஒற்றை அறை வீடு. பன்னிரண்டு வயதுப் பெண் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு ஒட்டுக் கேட்கிறாள். என்னத்தைப் பேசுவது? போன் அவளுக்கு, கடிதம் நமக்கு. நீ போன இந்த ஐந்து வருடமாக அப்படித்தானே நடக்கிறது.

பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. கல்வி அலுவலகத்திலிருந்து புதுப் படிவம் வந்திருக்கிறது. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பும் சேர்த்து இருநூற்று எண்பத்தாறு பிள்ளைகள். பிள்ளைக்கு இருபத்திரண்டு கட்டம். வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், எவ்வளவு தூரம் நடந்து வருகிறது, வீட்டில் படிக்க மேசை உண்டா, மதியம் இலவசச் சாப்பாடா என்று ஒன்று பாக்கியில்லை. பிள்ளைகள் காகிதத்தில் எழுதித் தருவதை நான் கணினியில் ஏற்ற வேண்டும். அது மதிப்பெண்ணோடு சேர்த்து, எந்த மாதிரி வீட்டுப் பிள்ளை எவ்வளவு வாங்குகிறது என்று பட்டியல் போட்டுத் தருமாம்.

பதினான்காம் கட்டம்தான் என் உயிரை வாங்குகிறது. 'யாருடன் வசிக்கிறார்?' விடை நான்கே நான்கு: இருவரும், தாய், தந்தை, மற்றவர். மாமா வீடு, அண்ணன் வீடு, விடுதி எல்லாம் 'மற்றவர்' என்ற ஒரே மூட்டையில். காகிதங்களைக் கையால் எண்ணிப் பார்த்தேன். நம் பள்ளியில் மற்றவர் அறுபத்தொரு பேர். "இருபது வருஷத்துல ஒரு கட்டத்துலகூட நம்ம எழுத்தர் தப்பு விட்டதில்லை" என்று தலைமையாசிரியை எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். அந்தப் பெயரையும் காப்பாற்றியாக வேண்டும்.

உன் புள்ளி ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தாயிற்று. அவ்வளவு சின்னதாகப் பிறந்தாள் என்று நீ வைத்த பெயர், இப்போது என் தோளைத் தொடுகிறாள். கணக்கில் முப்பத்தெட்டு. திட்டியாயிற்று, நீ வேறு போனில் ஆரம்பிக்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூலை 24

அக்கா,

முட்டியை மடக்கித்தான் தூக்குகிறேன், போதுமா? இடுப்பு பரவாயில்லை. உன் கண் எரிச்சல் என்ன ஆயிற்று? நாள் முழுக்கக் கணினியை முறைத்துக்கொண்டிருந்தால் அது உன்னை முறைக்காமல் என்ன செய்யும்?

முப்பத்தெட்டா! நானும் கணக்கில் அப்படித்தான். அவள் அப்பா தவறியபோது வீட்டுக் கணக்கு எதுவுமே எனக்குப் பிடிபடவில்லை. நீ மட்டும் "பிள்ளையை என்கிட்ட விட்டுட்டுப் போ, நீ வேலையைப் பாரு" என்று சொல்லாவிட்டால் நான் எங்கே போயிருப்பேனோ. இங்கே ஓர் அறையில் நாலு பேர். என் கட்டிலுக்கு மேலே அவள் படம் ஒட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் "உன் தங்கச்சியா?" என்கிறார்கள்.

ஆமாம், பதினான்காம் கட்டத்தில் என் பெண்ணுக்கு என்ன போட்டாய்? உன்னைப் போய் 'மற்றவர்' என்று எழுதச் சொல்கிறதா உன் கணினி? படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. பதில் எழுது.

கண்ணைக் கழுவிக்கொள், அக்கா.

உன் தங்கச்சி

ஆகஸ்ட் 11

அன்புத் தங்கச்சிக்கு,

என் கண் நன்றாக இருக்கிறது. அவளுக்கு மட்டும் ஒரு பல் ஆட்டம், அதையும் பிடுங்கியாயிற்று. உனக்கு வேலை இரண்டு ஷிப்டா, ஒன்றா?

கணினி பட்டியல் கொடுத்துவிட்டது. இருவரோடும் இருக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு எழுபத்து நாலு பேர் கணக்கில் தேறியிருக்கிறார்கள். தாயோடு மட்டும் இருப்பவர்களில் அறுபத்தொன்பது. 'மற்றவர்' அறுபது பேரில் இருபத்தாறே பேர். தலைமையாசிரியை காகிதத்தை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு உத்தரவு போட்டார்: மற்றவர் பிள்ளைகள் எல்லாரும் மணி அடித்த பிறகு ஒரு மணி நேரம் கடைசி அறையில் தனி வகுப்பு.

நல்ல எண்ணத்தில்தான் போட்டார். ஆனால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? இரண்டே நாளில் அதற்கு 'மத்தவங்க ரூம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நேற்று அங்கே போகும் ஒரு பெண் என் மேசைக்கு வந்து நின்றாள். "ஆபீஸ் டீச்சர், நான் கணக்குல எண்பத்தொண்ணு. என்னை எதுக்கு அங்க உக்கார வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். ஒரு பென்சிலைக் கொடுத்து அனுப்பினேன்.

புள்ளி அந்த அறைக்குப் போவதில்லை. வீட்டில் நானே சொல்லிக் கொடுக்கிறேன். பின்னம் வந்துவிட்டது, சதவீதம்தான் சண்டித்தனம் செய்கிறது.

வெயிலில் அலையாதே.

அக்கா

ஆகஸ்ட் 30

அக்கா, அக்கா, அக்கா!

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, நலமாகவே இரு. எனக்குக் குடியிருப்பு கிடைத்துவிட்டது! இரண்டு அறை, ஒரு சமையலறை, ஜன்னலைத் திறந்தால் பேருந்து நிறுத்தம். டிசம்பர் முதல் என் கையில் சாவி.

இனி புள்ளி என்னோடு இருக்கலாம். நடந்து போகிற தூரத்தில் ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது, விசாரித்துவிட்டேன். டிசம்பர் பத்துக்குள் மாற்றுச் சான்றிதழ் கொண்டு வந்தால் ஜனவரியில் சேர்த்துக்கொள்வார்களாம். அந்த டிசியை மட்டும் எடுத்து அனுப்பு. நீயே எழுதுகிற ஆள்தானே, உனக்கு என்ன கஷ்டம்!

உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும், தெரியும். சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. அவளிடம் நீயே சொல்லு. நான் சொன்னால் போனிலேயே அழுதுவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கச்சி

செப்டம்பர் 28

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சௌக்கியம். எனக்கு இரண்டு நாள் தொண்டைக் கட்டு, வெந்நீர் குடித்ததில் சரியாகிவிட்டது.

உனக்கு வீடு கிடைத்தது மிகவும் சந்தோஷம். ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று பார். இங்கே அலுவலகக் கூரை ஒழுகி எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேடு நனைந்துவிட்டது. ஒவ்வொரு தாளாகப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே காய வைத்தோம். கணக்கு வாத்தியார் வந்து "என்ன டீச்சர், அப்பளம் போடறீங்களா?" என்று கேட்கிறார். அவருக்கு எப்போதும் விளையாட்டுதான்.

ஆறாம் வகுப்பில் புதிதாக ஏழு பேர் சேர்ந்தார்கள், ஏழு பேரும் அப்படியே வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். மொத்தம் பழையபடி இருநூற்று எண்பத்தாறு. வீட்டில் வேற்று மொழி பேசும் பிள்ளைகள் இந்த முறை மொழிப் பாடத்தில் மற்றவர்களைத் தாண்டிவிட்டார்கள். யாருக்கும் நம்ப முடியவில்லை, நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

புள்ளிக்குச் சதவீதம் வந்துவிட்டது. இப்போது எதைப் பார்த்தாலும் சதவீதம்தான். "பெரியம்மா, இந்தச் சோத்துல நான் அறுபது சதவீதம் சாப்பிட்டுட்டேன், மீதியை விட்டுடட்டுமா?" என்கிறாள்.

மற்றபடி இங்கே விசேஷம் இல்லை.

அக்கா

அக்டோபர் 8

அக்கா,

தொண்டை தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

கூரை, பதிவேடு, அப்பளம் எல்லாம் படித்தேன். டிசி பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் "பெரியம்மா ஏதாச்சும் சொன்னாங்களாடி?" என்று கேட்டேன். "எதைப் பத்தி?" என்கிறாள். நீ இன்னும் அவளிடம் சொல்லவே இல்லை.

டிசம்பர் பத்து, அக்கா. மறந்துவிடாதே.

தங்கச்சி

அக்டோபர் 30

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகமே. நீ கோபமாக இருப்பாய் என்று தெரிகிறது. கோபத்தில் பட்டினி கிடக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

தலைமையாசிரியை விடுப்பில் போயிருந்தார். வந்த பிறகு முத்திரை பழுது. அப்புறம் தேர்வு வந்துவிட்டது. புள்ளி கணக்கில் ஐம்பத்தேழு! முப்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தேழு. விடைத்தாளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினாள்.

ஒன்று சொல்கிறேன், யோசித்துப் பார். கடந்த நாலு வருடத்தில் வருட நடுவில் வேறு ஊரிலிருந்து நம் பள்ளிக்கு மாறி வந்த பிள்ளைகள் இருபத்து மூன்று பேர். அதில் பதினேழு பேருக்கு மதிப்பெண் இறங்கியிருக்கிறது. நான் சொல்லவில்லை, பதிவேடு சொல்கிறது. இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கிறாள், இந்த நேரத்தில் பிடுங்கி நட வேண்டுமா? எட்டாம் வகுப்பும் இங்கேயே முடிக்கட்டும். ஒன்றரை வருடம்தானே.

இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

அக்கா

நவம்பர் 9

அக்கா,

நான் நலமாக இல்லை. நீயும் நலமாக இருக்கமாட்டாய்.

உன் பதிவேட்டில், அம்மாவை ஐந்து வருடத்தில் மூன்றே மூன்று முறை பார்த்த பிள்ளைகளுக்கு ஒரு பட்டியல் உண்டா? அவர்கள் என்ன மதிப்பெண் வாங்குகிறார்கள்? அந்த அம்மாக்கள் என்ன வாங்குகிறார்கள்?

உன்னை நம்பிப் பலனில்லை என்று நானே கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். நேற்று பதில் வந்தது. 'பதிவின்படி மாணவி தம் தாயுடன் வசித்து வருகிறார். விண்ணப்பதாரர் தாய் அல்லாததால் சான்றிதழ் வழங்க இயலாது.' கீழே தாயின் பெயர் போட்டிருக்கிறது. உன் பெயர், அக்கா.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஜூலையில் மற்றவர் அறுபத்தொன்று. ஆகஸ்டில் அறுபது. எனக்குத்தான் கணக்கு வராதே, கவனிக்கவில்லை.

எனக்கு இருப்பது அந்த ஒரு பெயர்தான், அக்கா. அதையுமா?

தங்கச்சி

நவம்பர் 18

தங்கச்சி,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். புள்ளி காகிதத்தில் தன் கையெழுத்தில் 'பெரியம்மா' என்று எழுதியிருந்தாள். கணினியில் அந்த வார்த்தை கிடையாது. 'மற்றவர்' என்பதை அழுத்தினேன். அதுதான் சரி, அறுபது பிள்ளைகளுக்கு யோசிக்காமல் அப்படித்தான் அழுத்தினேன். இவளுக்கு அழுத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போக முடியவில்லை. அழித்துவிட்டு 'தாய்' என்று போட்டேன். உடனே தாயின் பெயர் கேட்டது. பிள்ளை இருக்கும் முகவரியிலேயே இருக்கிற தாயாக இருக்க வேண்டுமாம், உன் பெயரை ஏற்கவில்லை. என் பெயரை அடித்தேன். 'பதிவு முழுமை' என்று பச்சை எழுத்தில் வந்தது. அன்று சாயங்காலம் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அந்த 'மத்தவங்க ரூமில்' அவளை உட்கார வைக்க மனம் வரவில்லை, அதனால் செய்தேன் என்று பூசி மெழுகலாம். ஆனால் அந்த உத்தரவு வந்தது ஆகஸ்டில். நான் அழுத்தியது ஜூலையில்.

முத்திரை பழுது என்றதும் பொய். டிசி எழுத எனக்கு ஏழு நிமிடம் போதும். அவள் போய்விட்டால் இந்த அறையில் நான் யாரோடு பேசுவேன்? எனக்கென்று ஒரு குடும்பம் அமையவில்லை, அதைப் பற்றி நான் யாரிடமும் புலம்பியதும் இல்லை. அவள் வந்த பிறகு அது தேவைப்படவும் இல்லை. அதற்காக உன் பெயரை எடுத்துக்கொண்டது தப்பு. பெரிய தப்பு.

நேற்று விடுப்புப் போட்டுவிட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அலுவலர் சின்ன வயது, மரியாதையான ஆள். நாற்காலி போட்டு உட்கார வைத்து எல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு தாளை நகர்த்தி, "அம்மா, நீங்க அம்மா இல்லைன்னு உங்க கையாலயே எழுதிக் குடுத்துடுங்கம்மா" என்றார். பாவம், அவருக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தேன். நகல் இதோடு இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் புள்ளியிடம் சொல்லிவிட்டேன். "அம்மா வீட்ல எனக்குத் தனி ரூமா?" என்று கேட்டாள். பிறகு, "நீ எப்ப வருவே, பெரியம்மா?" என்றாள். சாப்பிடு முதலில் என்றேன்.

அக்கா

[நகல்]

பெறுநர்: கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: மாணவியின் பதிவில் தாய் பெயர் திருத்தம் கோருதல்

ஐயா,

வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளாக எழுத்தராகப் பணிபுரிந்து வருகிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருவரின் பதிவில் பதினான்காம் கட்டத்தில் 'தாய்' எனவும், தாயின் பெயராக என் பெயரும் தவறாகப் பதிவாகியுள்ளன. மேற்படி மாணவிக்கு நான் தாய் இல்லை. அவருடைய தாயின் அக்காள். ஐந்து ஆண்டுகளாக மாணவி என் வீட்டில் வளர்ந்து வருகிறார்.

இத்தவறு கவனக்குறைவால் நேர்ந்ததன்று, தெரிந்தே செய்தேன். பள்ளிக்கோ தலைமையாசிரியைக்கோ இதில் பங்கில்லை. 'தாய்' என்பதை நீக்கி 'மற்றவர்' எனத் திருத்தி, மாணவியின் தாய்க்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
எழுத்தர்

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ ரயில் நிலையத்தில் இளைத்துத் தெரிந்தாய், அதைச் சொல்லத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். அன்றைக்கு நாம் இருவருமே சரியாகப் பேசவில்லை. ரயில் கிளம்புகிறவரை நீ அவளுக்குப் பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தாய்.

புள்ளி பள்ளிக்குப் போகிறாள். புத்தகம் எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டில், அக்கா, விருந்தாளி மாதிரி இருக்கிறாள். "இதை எடுத்துக்கலாமா?" என்று கேட்டுக் கேட்டு எடுக்கிறாள். சாப்பிட்ட தட்டை உடனே கழுவி வைக்கிறாள். என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கிட்டே வந்து நிற்கிறாள், நான் திரும்பிப் பார்க்கிறவரை. மூன்று வாரமாக இப்படி. சில நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

போன வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. நான் சமையலறையில் இருந்தேன். பள்ளி விட்டு வந்தவள் காலணியை ஒரு பக்கம் எறிந்துவிட்டு, பையை ஒரு பக்கம் போட்டுவிட்டு, வாசலிலிருந்தே "பெரியம்மா, பசிக்குது!" என்று கத்தினாள்.

கத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அக்கா. தப்புச் செய்தவள் மாதிரி நின்றாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "கை கால் கழுவிட்டு வாடி, தட்டு வைக்கிறேன்" என்றேன். வந்து உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். இங்கே வந்த பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் இரண்டு தடவை அப்படிக் கூப்பிட்டுவிட்டாள். இரண்டு தடவையும் என்ன என்று கேட்டேன்.

உன் மேல் இருந்த கோபம் அன்றைக்குப் போயிற்று. வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு, அக்கா. இரண்டு அறை இருக்கிறது. மூன்று பேரும் இருப்போம்.

பதில் எழுது, தாமதிக்காதே.

உன் தங்கச்சி

பிப்ரவரி 21

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இளைக்கவில்லை, ரயில் நிலையத்து விளக்கில் யாரும் அப்படித்தான் தெரிவார்கள். ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்றுதான் இன்னும் அளவு பிடிபடவில்லை. தினமும் மிஞ்சுகிறது.

எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதிவிட்டேன். வேலை போகவில்லை, சம்பள உயர்வு மட்டும் ஒரு வருடத்துக்கு இல்லை. கணினியைக் கணக்கு வாத்தியாரிடம் கொடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே வந்து, "சாயங்காலம் கடைசி ரூம்ல பிள்ளைங்களோட உக்கார ஆள் இல்லை, நீங்க இருக்கீங்களா?" என்று கேட்டார். இருக்கிறேன். ஐந்தரை மணி வரை போய்விடுகிறது. அதற்கு மேல்தான் பொழுது நீளம்.

வந்துவிடு என்கிறாய். படித்த அன்றைக்கே பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன், பொய் சொல்வானேன். இரண்டு நாள் திறந்தே கிடந்தது. நான் வந்து அந்தச் சமையலறையில் நின்றால், வாசலிலிருந்து அவள் கூப்பிடும்போது நான்தான் திரும்புவேன். நீ உன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவாய். இப்போது வரமாட்டேன். அவள் உன்னிடம் சண்டை போட்டு, எதிர்த்துப் பேசி, கதவைச் சாத்திக்கொள்கிற நாள் வரட்டும், பிறகு பார்க்கலாம்.

அவள் பெரியம்மா என்று கூப்பிட்டால் திருத்தாதே. நீ இப்போது செய்கிறாயே, அப்படியே பதில் கொடு. நாள் ஆக ஆகக் குறையும். ஒருநாள் தானாகவே 'அம்மா' என்று வந்துவிடும், அவளுக்கே தெரியாது.

வந்ததும் நன்றாக அழு, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடு. என்றைக்கு வந்தது என்று மட்டும் எனக்கு எழுதாதே.

அக்கா